தேர்ந்தெடுக்கும் வேலைக்குக் கூலி உண்டா?

(தொழிலாளர் குடியிருப்பு வாசகசாலையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "சாமான் கிடைக்கவில்லை என்று கூட்டம் போட்டோம், விலை ஏறிவிட்டது என்று கூட்டம் போட்டோம், இப்பொழுது வகைகள் அதிகமாகிவிட்டன என்று ஒரு கூட்டமா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். அரிசிக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றவர்கள் இந்த மன்றத்திலே இருக்கிறார்கள். டெலிபோன் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டியவர் மகனுக்கு மீசை முளைத்த பிறகுதான் வண்டியைக் கண்டார் என்று கேலி பேசிய காலம் ஒன்று உண்டு. அது பொற்காலம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. இல்லாமை ஒரு துன்பம். அதை மறக்க நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் இன்று மாலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, வழியிலுள்ள பெரிய கடைக்குள் நுழைகிறாள். வேண்டியது நாலு சாமான்: சோப்பு, பற்பசை, எண்ணெய், பிள்ளைக்குப் பிஸ்கட். சோப்பு மட்டும் ஒரு சுவர் நீளத்துக்கு அடுக்கியிருக்கிறது. ஒன்றில் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். இன்னொன்றில் விலை குறைவு, எடையும் குறைவு. மற்றொன்றில் கிருமி சாகும். வேறொன்றில் மேனி மின்னும். கையில் இருநூறு ரூபாய். வீட்டில் உலை வைக்க வேண்டும். அவள் நின்று, எடுத்து, திருப்பிப் பார்த்து, வைத்து, மறுபடி எடுக்கிறாள். அரை மணி நேரம் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்ததும் "இதையா வாங்கினாய்?" என்று ஒரு கேள்வி வேறு காத்திருக்கிறது.

அந்த அரை மணி நேரம் என்ன? ஓய்வா? பொழுதுபோக்கா? இல்லை. அதுவும் வேலைதான். படிப்பது, ஒப்பிடுவது, கணக்குப் போடுவது, ஞாபகம் வைத்துக்கொள்வது, தவறினால் பழி ஏற்பது இத்தனையும் அதில் அடங்கும். ஆலையில் இதே வேலையைச் செய்பவருக்கு 'ஸ்டோர்ஸ் இன்ஸ்பெக்டர்' என்று பெயர் கொடுத்துச் சம்பளமும் கொடுக்கிறார்கள். வீட்டுக்காக இதைச் செய்கிற பெண்ணுக்குப் பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை.

இந்த வேலை எப்படி நம் தலைக்கு வந்தது? இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1916-ம் ஆண்டில், அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில், கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்று ஒரு மளிகைக் கடை திறந்தார். அதுவரை அங்கும் நம் ஊர் வழக்கம்தான். ஜனங்கள் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். கடைச் சிப்பந்தி உள்ளேயிருந்து சாமானை எடுத்துக் கட்டிக் கொடுப்பார். சாண்டர்ஸ் அந்த முறையை மாற்றினார். கூடையைக் கையில் கொடுத்து, நீங்களே போய் எடுத்து வாருங்கள் என்றார். இந்த ஏற்பாட்டுக்குப் பேடண்ட் உரிமையும் வாங்கினார். கடைக்குச் சிப்பந்திகள் குறைந்தார்கள், செலவு குறைந்தது. விலையும் ஓரளவு குறைந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சிப்பந்தி செய்த வேலை மறைந்து போகவில்லை. அது கூடையோடு சேர்ந்து வாங்குபவர் கைக்கு மாறியது.

நம் தெரு அண்ணாச்சி கடையில் நிலைமை வேறு. "அண்ணாச்சி, நல்ல பருப்பா ஒரு கிலோ" என்றால் போதும். எது நல்ல பருப்பு என்று யோசிப்பது அவர் பொறுப்பு. வண்டு இருந்தால் மறுநாள் அவர் முகத்துக்கு நேரே கேட்கலாம். அவரும் சில சமயம் தேங்கிய சரக்கை நம் தலையில் கட்டுவார். எடையில் கை வைப்பவரும் உண்டு. ஆனாலும் கேட்பதற்கு ஒரு முகம் இருந்தது. பெரிய கடையின் சுவரிடம் யாரும் எதையும் கேட்க முடியாது.

சரி, அந்தச் சுவரையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். லக்ஸ், லைஃப்பாய், ஹமாம், ரெக்ஸோனா, பியர்ஸ், டவ், லிரில் என்று ஏழு பெயர்கள், ஏழு நிறங்கள், ஏழு விளம்பரங்கள். ஆனால் இந்த ஏழும் இந்துஸ்தான் யூனிலீவர் என்ற ஒரே கம்பெனியுடையவை! ஹமாம் ஒரு காலத்தில் டாடா எண்ணெய் ஆலைக் கம்பெனியின் சோப்பு. 1990-களில் அந்தக் கம்பெனியை லீவர் தன்னோடு இணைத்துக்கொண்டது. பாக்கெட்டில் பெயர் அப்படியே நீடித்தது. நாம் லக்ஸை விட்டு ஹமாமுக்கு மாறினால், முதலாளியை மாற்றிவிட்டதாக அர்த்தமில்லை. அவருடைய வலது சட்டைப் பையில் போட்டதை இடது பையில் போடுகிறோம், அவ்வளவுதான்.

இதிலே நமக்கு உதவக்கூடிய ஒரு சங்கதி உண்டு. குளியல் சோப்பின் உறையில் 'டி.எஃப்.எம்.' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு சதவீதம் அச்சிட்டிருப்பார்கள். மொத்தக் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதன் கணக்கு அது. இந்தியத் தர நிர்ணயப்படி அது 76-ம் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். 70 இரண்டாம் தரம். 60 மூன்றாம் தரம். 'பாத்திங் பார்' என்று போட்டிருந்தால் அது வேறு ஜாதி. அதற்கு 40 இருந்தாலே போதும். நடிகை முகத்தைப் பார்ப்பதை விட்டு இந்த ஒரு எண்ணைப் பார்த்தால் சுவர் பாதியாகச் சுருங்கிவிடும். தோலுக்கு ஒத்துக்கொள்வது ஆளுக்கு ஆள் வேறுபடும், அது உண்மை. ஒத்துக்கொண்ட ஒன்று கிடைத்துவிட்டால் அதையே வாங்கிக்கொண்டிருங்கள். சோப்பு மாற்றாததால் யாருடைய வாழ்க்கையும் கெட்டுப்போனதில்லை.

எடை விஷயத்தில் இன்னும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டீத்தூள், பிஸ்கட், சோப்பு முதலிய சில பண்டங்களை இன்னின்ன எடைகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று முன்பு சர்க்கார் விதி இருந்தது. 2021-ல் செய்த திருத்தத்தில் அந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள். இப்பொழுது எந்த எடையிலும் பாக்கெட் போடலாம். அறுபதும் எண்பதும் கிராமாக நறுக்கி வைத்தால் எது மலிவு என்று கண்டுபிடிக்கக் கணக்கு வாத்தியார் கூட வர வேண்டும். அதே திருத்தத்தில் ஒரு நல்ல அம்சமும் உண்டு. ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லி லிட்டருக்கு என்ன விலை என்பதையும் உறையில் போட வேண்டும் என்றார்கள். எழுத்து பொடியாகத்தான் இருக்கும்; தேடிப் படியுங்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 'இலவசம்' என்பதைவிட அந்தப் பொடி எழுத்து நாணயமானது.

இவையெல்லாம் சில்லறைக் காரியங்கள் என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே கதை சோப்போடு நிற்கவில்லை என்பதுதான் விஷயமே. செல்போன் ரீசார்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் போனில் பட்டியலைத் திறந்தால் விரலால் தள்ளித் தள்ளி மாளாது. ஒரு நாளைக்கு ஒரு ஜி.பி., ஒன்றரை ஜி.பி., இரண்டு ஜி.பி.; 28 நாள், 56 நாள், 84 நாள்; சினிமா பார்க்க ஒன்று, கிரிக்கெட் பார்க்க ஒன்று. இத்தனையும் நமக்குக் கொடுத்த சுதந்திரம் என்றுதான் விளம்பரம் சொல்கிறது.

உண்மை என்ன? அந்த 28 நாளைக் கவனியுங்கள். மாதத்துக்கு 28 நாள் என்றால் வருஷத்துக்கு எத்தனை மாதம்? பதின்மூன்று! நமக்குச் சம்பளம் பன்னிரண்டு மாதத்துக்குத்தான் வருகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 'ட்ராய்' என்கிறோமே, அது 2022 ஜனவரியில் தலையிட்டு ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றையாவது வைக்க வேண்டும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் வைக்க வேண்டும் என்றது. அத்தனை வகைகள் மலிந்து கிடந்தும், ஒரு மாதத்துக்கு ஒரு மாதம் என்ற சாதாரணத் திட்டம் வேண்டுமென்று உத்தரவு போட வேண்டியிருந்தது!

அடுத்தது இன்னும் முக்கியம். கிராமத்திலே தனியாக இருக்கிற வயதான தாய். அவள் கையில் பொத்தான் போன். மகனோடு பேச வேண்டும், பாங்கிலிருந்து வரும் செய்தி வர வேண்டும். இன்டர்நெட் அவளுக்குத் தேவையில்லை. அந்தப் போனில் அது ஓடவும் ஓடாது. அவளும் டேட்டா சேர்ந்த ரீசார்ஜுக்கே பணம் கட்டி வந்தாள். பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் வைத்தே ஆகவேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் விதி செய்தது. 2025 ஜனவரியில் பெரிய கம்பெனிகள் அதை அறிவித்தன. அறிவித்தவை 84 நாள், ஓராண்டு என்ற நீண்ட காலத் திட்டங்கள். மொத்தமாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். ஆகவே, கடைக்குப் போகிறவர்கள் "எந்த ரீசார்ஜ் நல்லது?" என்று கேட்காதீர்கள். "பேச மட்டும் உள்ளது எது?" என்று கேளுங்கள்.

தோழர்களே, இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிற கருத்து இருக்கிறது. பட்டியல் நீளமாக இருப்பதாலேயே நமக்கு வேண்டியது அதில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நீளமான பட்டியலைப் படித்துப் படித்து அலுத்துப் போகிறவன், அதில் இல்லாதது எது என்று கேட்க மறந்து போகிறான்.

மத்திய சர்க்கார் ஊழியர்களின் ஓய்வூதியத்தில் நடந்ததைப் பாருங்கள். பழைய ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டன. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஊழியர் கையில் ஒரு படிவம் வந்தது. தேசிய ஓய்வூதிய முறையிலேயே இருக்கிறாயா, ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறுகிறாயா, நீயே தேர்ந்தெடுத்துக்கொள் என்றது படிவம். கேட்டது ஒன்று, தேர்ந்தெடுக்கக் கொடுத்தது வேறு இரண்டு. ஜூன் கடைசி என்று வைத்த கெடு செப்டம்பருக்குத் தள்ளியது, பிறகு நவம்பருக்குத் தள்ளியது. ஆபீஸ் ஆபீஸாக ஜனங்கள் உட்கார்ந்து, எந்த வயதில் ஓய்வு, எத்தனை வருஷ சர்வீஸ், வட்டி எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். தவறாகப் போட்டால் யார் பொறுப்பு? கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு.

இதையே பெரிய அளவில் செய்து பார்த்த நாடு ஒன்று உண்டு. அது ஸ்வீடன். 2000-ம் ஆண்டில் அங்கே ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை, சம்பளத்தில் இரண்டரை சதவீதத்தை, எந்த நிதியில் போடுவது என்று ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்யலாம் என்றார்கள். வீட்டுக்கு வீடு ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. அதில் 456 நிதிகள்! நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று சர்க்காரே விளம்பரமும் செய்தது. தேர்ந்தெடுக்காதவர்களின் பணம் சர்க்கார் வைத்த பொது நிதி ஒன்றுக்குப் போகும். முதல் தடவை மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் தாமே தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் ஐந்து மடங்குக்கு மேல் ஏறியிருந்த ஒரு நிதியைப் பலர் ஆவலோடு எடுத்தார்கள். அடுத்த மூன்று வருஷத்தில் பங்குச் சந்தை விழுந்தது. அந்த நிதி தன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழந்தது. பொது நிதியும் நஷ்டப்பட்டது. ஆனால் தாமே தேர்ந்தெடுத்தவர்களின் சராசரி நஷ்டம் அதைவிடக் கூடுதல். சில ஆண்டுகளுக்குள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடத் தாமே தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் புத்தகம் சிறியதாகவில்லை. நிதிகள் பெருகி எண்ணூறைத் தாண்டின. இடையிலே சில நிதிகளின் மேல் மோசடி வழக்கும் வந்தது.

ஸ்வீடன் ஜனங்கள் படிப்பறிவில்லாதவர்களா? சோம்பேறிகளா? இல்லவே இல்லை. ஒரு மர ஆலைத் தொழிலாளியோ பள்ளிக்கூட ஆசிரியையோ 456 நிதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது முடிகிற காரியமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவிலும் சேமநலத் திட்டங்களில் இருந்த சுமார் எட்டு லட்சம் ஊழியர்களின் கணக்கை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். பட்டியலில் பத்து நிதி கூடினால், திட்டத்தில் சேருபவர்கள் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பேர் வரை குறைந்தார்கள். சேராதவருக்கு முதலாளி போட வேண்டிய பங்கும் போய்விடும். "யோசித்துச் சேரலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் அவர்கள். அந்தத் தள்ளிப்போடுதலால் முதலாளிக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை!

இந்த ஆராய்ச்சிகளில் மிகவும் பிரபலமானது ஜாம் கதை. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இருவர் கலிபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் மேஜை போட்டு ஜாமை ருசி பார்க்கச் சொன்னார்கள். ஒரு சமயம் 24 வகை, ஒரு சமயம் 6 வகை. 24 வகை இருந்தபோது வேடிக்கை பார்க்க நின்றவர் அதிகம். நின்றவர்களில் வாங்கியவர் நூற்றுக்கு மூன்று பேர். 6 வகை இருந்தபோது வாங்கியவர் நூற்றுக்கு முப்பது பேர். 2000-ல் இது வெளியானதும் உலகமெல்லாம் பேசினார்கள். ஆனால் நாம் எதையும் கேட்டவுடன் நம்பிவிடக் கூடாது. 2010-ல் இப்படிப்பட்ட ஐம்பது பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது சராசரியில் பாதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று வந்தது. சிலவற்றில் வகை கூடக்கூட ஜனங்கள் திணறினார்கள், சிலவற்றில் சந்தோஷப்பட்டார்கள். 2015-ல் இன்னொரு தொகுப்பு, எப்பொழுது திணறுகிறார்கள் என்பதைப் பிரித்துக் காட்டியது. ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதபடி சாமான் இருக்கும்போது, அவகாசம் குறைவாக இருக்கும்போது, தனக்கு என்ன வேண்டும் என்பது தனக்கே தெளிவாக இல்லாதபோது திணறுகிறார்கள்.

இந்த மூன்றையும் நம் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். ஒப்பிட முடியாதபடி எடையை நறுக்குவது யார்? ஷிப்டுக்கும் சமையலுக்கும் நடுவே அவகாசமில்லாதவர் யார்? கார் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உலாவ வருகிறவருக்கு நூறு வகை ஜாம் ஒரு வேடிக்கை. தவறாக வாங்கினால் இன்னொன்று வாங்கிக்கொள்வார். இருநூறு ரூபாயோடு நிற்பவளுக்குத் தவறினால் அந்த மாதம் தவறியதுதான். ஆகவே, தேர்வின் பாரம் எல்லோர் தலையிலும் ஒரே அளவாக விழுவதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? சாமியாராகப் போக முடியாது. கடையைக் கொளுத்தவும் முடியாது. சில உபாயங்கள் இருக்கின்றன.

ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர், 1978-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், 1950-களிலேயே ஒரு விஷயத்தைச் சொன்னார். மனிதன் எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து மிகச் சிறந்ததை எடுப்பவன் அல்ல. அதற்கு நேரமும் கிடையாது, மூளையில் இடமும் கிடையாது. போதும் என்ற ஓர் அளவை வைத்துக்கொண்டு, அதற்கு எட்டிய முதல் பொருளை எடுத்துக்கொண்டு நடக்கிறான். அதுவே புத்திசாலித்தனம் என்றார். நம் பாட்டிமார் கத்தரிக்காய் வாங்கியதும் இப்படித்தான். சந்தை முழுவதும் உள்ள கத்தரிக்காயை அவர்கள் பார்க்கவில்லை. சொத்தை இல்லை, காம்பு பச்சை, விலை கட்டும், எடு, போடு. இதில் முக்கியம் என்னவென்றால், அளவை வீட்டிலேயே வைத்துக்கொண்டு போக வேண்டும். கடைக்குப் போன பிறகு அளவைத் தேடினால், கடைக்காரன் வைத்த அளவுதான் கிடைக்கும்.

அந்த அளவையும் எல்லாவற்றுக்கும் வைக்க வேண்டியதில்லை. திருக்குறளில் பொருட்பாலைப் புரட்டிப் பாருங்கள். செயலைத் தெரிந்து செய்ய ஓர் அதிகாரம், வலியறிய ஒன்று, காலமறிய ஒன்று, இடனறிய ஒன்று, ஆளைத் தெரிந்து தெளிய ஒன்று என்று அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்களை வள்ளுவர் ஒதுக்கியிருக்கிறார். தேர்வுக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தவர் அவர். ஆனால் எதைத் தேர்வதற்கு? பெரிய செயலுக்கும் நம்பத்தக்க மனிதருக்கும்தான். பல்பொடிக்கு அதிகாரம் வைக்கவில்லை.

மருந்து விஷயத்தில் சற்று ஜாக்கிரதை வேண்டும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் ஒன்றுதான். டோலோ, கால்பால், குரோசின் என்று பெயர்தான் பல. உறையில் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும் அச்சிட்டிருக்கும். ஹாத்தி கமிட்டி 1975-லேயே, கம்பெனிப் பெயர்களைப் படிப்படியாக எடுத்துவிட்டு மருந்தின் பெயரிலேயே விற்க வேண்டும், முதலில் 13 மருந்துகளில் தொடங்கலாம் என்று சிபாரிசு செய்தது. அது ஏட்டோடு நின்றது. அன்று அதைச் செய்திருந்தால் இன்று மருந்துக் கடையில் நாம் விழிக்க வேண்டியிருக்காது. எழுதிக் கொடுத்ததை நாமாக மாற்றாமல், "இதே மருந்து மலிவாக உண்டா?" என்று டாக்டரிடமே கேட்பதில் தவறில்லை.

எல்லாவற்றிலும் பெரிய உபாயம், சேர்ந்து தேர்ந்தெடுப்பது. 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் இருபத்தெட்டுப் பேர், அவர்களில் பலர் நெசவாளிகள், சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை வைத்தார்கள். டிசம்பர் 21-ந் தேதி இரவு கதவைத் திறந்தபோது உள்ளே இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவர்த்தி. அவ்வளவுதான்! தெருவில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த மாவிலே கலப்படமில்லை, தராசிலே குறையில்லை. கலப்படம் இருக்கிறதா என்று ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தனித்தனியே முகர்ந்து பார்க்க வேண்டிய வேலையை, எல்லோருக்குமாக ஒரு தடவை செய்து முடித்தார்கள். நம் சென்னையில் திருவல்லிக்கேணிக் கூட்டுறவு சங்கம் 1904-லேயே தோன்றியது. நம் ரேஷன் கடையில்கூடப் பச்சரிசியா புழுங்கலரிசியா என்பதற்கு மேல் யாரும் வகை கேட்பதில்லை. அரிசி நன்றாக இருக்க வேண்டும், எடை சரியாக இருக்க வேண்டும் என்றுதான் சண்டை போடுகிறோம். சண்டை சரியான இடத்தில்தான் நடக்கிறது.

கடை வைக்காமலே இதைச் செய்யலாம். பத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து, ஒருவர் ரீசார்ஜைப் பார்க்கட்டும், ஒருவர் எண்ணெயைப் பார்க்கட்டும், ஒருவர் காஸ் அடுப்பைப் பார்க்கட்டும். பார்த்ததை மற்றவருக்குச் சொல்லட்டும். வீட்டிற்குள்ளும் இந்த வேலையைப் பங்கு போட வேண்டும். "எது வாங்கினாலும் சரி" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கிற ஆண்களைக் கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் சொல்வது பெருந்தன்மை அல்ல, வேலையிலிருந்து நழுவுவது. எது வாங்கினாலும் சரி என்றால், வாங்கி வந்த பிறகும் சரியாகவே இருக்க வேண்டும்!

கடைசியாக, நேரத்தை மிச்சம் பிடித்து எங்கே செலவழிப்பது என்று சொல்கிறேன். நம் குடியிருப்பில் இந்த வருஷமும் பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களில் பலர் வீட்டில் முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறவர்கள். பொறியியல் கவுன்சலிங் 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. முன்பு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அப்பனும் பிள்ளையும் ரயிலேறிப் போய்த் திரையைப் பார்த்து ஓர் இடத்தைச் சொன்னார்கள். இப்பொழுது நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பாடப்பிரிவுகள், எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான குறியீட்டு எண்கள். இவற்றிலிருந்து ஒரு பதினேழு வயதுப் பிள்ளை, சில நாட்களுக்குள், வரிசைப்படுத்திப் பட்டியல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு, கிடைத்ததை ஏற்கிறாயா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறாயா, வேண்டாம் என்கிறாயா என்று இன்னொரு கேள்வி வரும்.

சோப்பு சுவரின் முன்னால் அரை மணி நேரம் நின்றவர்கள், இந்தப் பட்டியலை நெட் சென்டர் பையனிடம் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அவன் நல்ல பையன்தான். ஆனால் அவனுக்கு ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். கடன் வாங்கிச் சேர்த்த பிறகு கல்லூரி சரியில்லை என்று தெரிந்தால், "நீதானே போட்டாய்" என்று பிள்ளை மேல் பாய்கிறோம். நானூறு கல்லூரியைத் திறந்துவிட்டவர்களை யாரும் கேட்பதில்லை. பதினேழு வயதுப் பிள்ளை குற்றவாளியாகிவிடுகிறது.

ஆகவே ஒரு யோசனை. பட்டியலைத் தொடுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து அளவை எழுதுங்கள். வருஷத்துக்கு எவ்வளவு கட்ட முடியும்? விடுதியா, வீட்டிலிருந்து பஸ்ஸா? பெண் பிள்ளை என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பிள்ளைக்கு எந்தப் பாடம் பிடிக்கும், எது பிடிக்காது? கல்லூரி வாரியாகத் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். இந்த அளவுக்கு வராததை அடித்துவிட்டால் ஆயிரம் ஐம்பதாகும். ஐம்பதை ஒரு பிள்ளையும் ஓர் ஆசிரியரும் உட்கார்ந்து பார்த்துவிடலாம். உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். "இது கிடைக்காது, கீழே போடுவோம்" என்று சூழ்ச்சி செய்ய வேண்டாம். உங்கள் முறை வரும்போது, உங்கள் பட்டியலில் மேலேயிருந்து பார்த்து மிச்சமிருப்பதைத்தான் தருகிறார்கள். மேலே ஆசையைப் போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் பட்டியலை நாலு ஐந்தோடு நிறுத்தினால் ஒன்றும் கிடைக்காமல் போக இடமுண்டு.

கவுன்சலிங் நடக்கும் நாட்களில் மாலை ஆறு மணியிலிருந்து இந்த வாசகசாலை திறந்திருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவரும், சென்ற வருஷம் சேர்ந்த நம் பிள்ளைகள் சிலரும் வந்து உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியல், ரேங்க் எண், ஜாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வீட்டில் எழுதிய அந்த அளவுச் சீட்டு ஆகியவற்றோடு பிள்ளையும் தாயும் தந்தையும் சேர்ந்து வாருங்கள். பட்டியலைப் பூட்டுகிற கடைசி நாள் இரவு பதினோரு மணிக்கு மட்டும் யாரும் வரவேண்டாம்.